பால் வந்த நாள்கள்

என் அன்னையார் எழுதப் படிக்க அறிந்தவர் அல்லர். ஆயினும் எங்கள் வீட்டுப் பால் கணக்கு அவரிடமே இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால், சுவரில், கரித்துண்டால் கோடு கிழித்து வைப்பார். பால்காரர் வராத நாளுக்கு ஒரு கோடு. வந்த நாளுக்கு ஒன்றும் இல்லை. மாத முடிவில் கோடுகளை எண்ணிக் கழித்துக்கொண்டு பணம் கொடுப்பார். கணக்கு ஒரு போதும் தவறியதில்லை. ஆனால் அந்தச் சுவரை மட்டும் பார்த்த ஒருவர், எங்கள் வீட்டுக்குப் பாலே வருவதில்லை என்றுதான் நினைத்திருப்பார். மூன்று கோடுகள் கண்ணில் பட்டன; பால் வந்த 27 நாள்களுக்கு அங்கே அடையாளமே இல்லை.

மாணவர்களே, நம் உள்ளமும் பெரும்பாலும் அந்தச் சுவரைப் போன்றதே. விடுதி அறையில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. ஒரு மணி நேரமாக அதை நீங்கள் நினைத்ததே இல்லை. மின்சாரம் நின்றதும் நினைக்கிறீர்கள். இதற்கு உங்கள்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. தீங்கை விரைந்து கவனிக்கும் உயிரே பிழைக்கும் என்பதால், இன்னாத செய்தி உள்ளத்தில் ஆழமாகப் பதிகிறது. இனியது மேலோடு போய்விடுகிறது. அதனோடு பழக்கம் என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. புதிய மிதிவண்டி முதல் வாரம் தரும் மகிழ்ச்சியை மூன்றாம் மாதம் தருவதில்லை. மிதிவண்டி மாறவில்லை, நாம் அதற்குப் பழகிவிட்டோம்.

பால் வந்த நாளுக்கும் ஒரு கோடு கிழித்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை உளநூல் அறிஞர் சிலர் முறையாகவே ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. ஏறத்தாழ 200 கல்லூரி மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதற் பிரிவினர் வாரம் ஒரு முறை, தாம் நன்றி பாராட்டத்தக்கவை என்று ஐந்து செய்திகள் வரை எழுத வேண்டும். இரண்டாம் பிரிவினர் தம்மை எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். மூன்றாம் பிரிவினர் நல்லது, கெட்டது என்று பாராமல் நடந்தவற்றை எழுத வேண்டும். இவ்வாறு பத்து வாரங்கள் நடந்தன. முடிவில் முதற் பிரிவினரே தம் வாழ்க்கையைப் பற்றிச் சற்று உயர்ந்த எண்ணம் கொண்டிருந்தனர். உடல் உபாதைகளையும் குறைவாகவே கூறினர். 2005ஆம் ஆண்டில் மார்ட்டின் செலிக்மனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் அன்று நடந்த நல்லவை மூன்றையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்தும் அதன் பயன் காணப்பட்டதாம். பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் உண்டாயினும் சிறிது என்றும், கடுமையான மனச்சோர்வுக்கு இதனை மருந்தாகக் கருதலாகாது என்றும் சொல்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என் கடமை.

ஆய்வு கூறியதைப் படித்து, அதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்ட ஒரு தலைமையாசிரியரின் கதையை இனிச் சொல்கிறேன். அந்தத் தலைமையாசிரியன் நானே.

2009ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவரும் நாள்தோறும் ஐந்து நன்மைகளைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்றும், வகுப்பாசிரியர் காலையில் கையொப்பம் இட வேண்டும் என்றும் ஆணையிட்டேன். முதல் இரண்டு நாள் நன்றாகவே நடந்தது. வார முடிவில் குறிப்பேடுகளை வரவழைத்துப் பார்த்தேன். அன்னை, தந்தை, ஆசிரியர், காற்று, கதிரவன். அடுத்த ஏட்டிலும் அதுவே. நாற்பது ஏடுகளில் முப்பதுக்கு மேல் அதே ஐந்துதான், அதே வரிசையில்! ஒருவர் எழுதியதைப் பலர் பார்த்தெழுதியிருக்கின்றனர். நன்றியுணர்ச்சியையும் வீட்டுப்பாடமாக்கினால் வேறென்ன விளையும்?

ஓர் ஏட்டில் மட்டும் நாளுக்கு ஒரு வரியே இருந்தது: "இன்று ஒன்றும் இல்லை." ஐந்து நாளும் அதுவே.

அந்த மாணவனை என் அறைக்கு அழைத்தேன். கண் இருக்கிறது, கால் இருக்கிறது, உண்ண உணவு இருக்கிறது, இவற்றுக்குக்கூட நன்றி கிடையாதா என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்தே இருந்திருக்கும். அவன் தலை குனிந்து நின்றான், விடை சொல்லவில்லை. மாலையில் வகுப்பாசிரியர் வந்து சொன்னார். அவன் தாயார் பன்னிரண்டு நாளாக மருத்துவமனையில் இருக்கிறார். தந்தையார் அங்கேயே துணை இருக்கிறார். பையன் விடியற்காலையில் எழுந்து சோறு ஆக்கித் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான். நாற்பது ஏடுகளில் உண்மை எழுதியவன் அவன் ஒருவனே. அவனைத்தான் நான் கடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே என் ஆணையைத் திரும்பப் பெற்றேன். அவனிடம் தனியே வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லைங்க ஐயா" என்றான். அந்தச் சொல் இன்றும் என் காதில் கேட்கிறது.

அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லுகிறேன். இந்தக் கணக்கைப் பிறர் பார்க்கலாகாது, மதிப்பெண் கிடையாது, கையொப்பமும் கிடையாது. நாள்தோறும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாரம் மும்முறை எழுதியவர்களைவிட வாரம் ஒரு முறை எழுதியவர்களே பயன் அடைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. எழுதுவது வெறும் சடங்காகிவிட்டால் சுவை போய்விடும் போலும். எனக்கு நாள்தோறும் எழுதுவது ஒத்துவருகிறது. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போதுமாயிருக்கலாம். (தைப் பொங்கலோடு நின்றுபோன நாட்குறிப்புகள் எத்தனை என்பதை உங்கள் வீட்டு அலமாரியே சொல்லும்.)

எதை எழுதுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "காற்று" என்று எழுதினால் உள்ளம் அசையாது. "பிற்பகல் மூன்றாம் பாடவேளையில் வேப்பமரத்துப் பக்கமிருந்து காற்று வந்தது" என்று எழுதிப் பாருங்கள். அந்த வேளை திரும்பவும் வரும். "நண்பர்கள்" என்று எழுதாமல், எந்த நண்பன், என்ன செய்தான் என்று எழுதுங்கள். உரோமாபுரியை 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் என்னும் பேரரசர் கிரேக்க மொழியில் எழுதிய சிந்தனைக் குறிப்புகளின் முதற்பகுதி முழுவதும் இத்தகைய நன்றிக் கணக்கே. பாட்டனார், அன்னையார், ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவராகக் குறிப்பிட்டு, யாரிடம் எதைப் பெற்றார் என்று சொல்லிச் செல்கிறார். தேர்ப்பந்தயத்தில் எந்தக் கட்சியும் சேராதிருக்கக் கற்பித்தவரையும் அவர் மறக்கவில்லை. எபிக்டெட்டஸ் என்னும் மெய்யுணர்வாளரின் உரைகள் அடங்கிய ஏட்டை, ரஸ்டிகஸ் என்பவர் தம்மிடமிருந்த நூல்களிலிருந்து எடுத்து இரவல் கொடுத்தாராம். அதுவும் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒரு பேரரசர் இரவல் வாங்கிய நூலை மறவாமல் குறித்திருக்கிறார் என்பதை நூலகப் புத்தகம் எடுக்கும் மாணவர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. பழந்தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு நன்மை என்பது பொருள். நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிவதே அத்தலைப்பு. வாயால் சொல்வது அதற்குப் பின்னர் வருவது. முதலில் அது நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். குறிப்பேடு அதற்குத்தான் துணை நிற்கிறது.

ஓர் ஐயம் எழலாம். நல்லவற்றையே எழுதிக்கொண்டிருந்தால் குறைகளைப் பொறுத்துக்கொண்டு கிடக்கும் பழக்கம் வந்துவிடாதா? அந்த ஐயம் நியாயமானது. என்னுடைய "கண் இருக்கிறது, கால் இருக்கிறது" என்ற பேச்சு அத்தகைய பிழையே. துன்பத்தில் இருப்பவனிடம் அவனுக்கு உள்ளவற்றை எண்ணிக் காட்டும் உரிமை எவருக்கும் இல்லை. அந்தக் கணக்கு அவனுடையது. தெருக்குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லையானால் மனு எழுதத்தான் வேண்டும். வராத நாளுக்கு என் அன்னையார் கோடு கிழித்ததனால்தான் கொடுக்க வேண்டாத பணத்தைக் கொடாமல் இருந்தார். அந்தக் கோடுகளை அழிக்கும்படி நான் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு வரிசைக்கு இடம் விடுங்கள் என்கிறேன்.

அந்த மாணவனின் தாயார் நலம் பெற்றுத் திரும்பினார். ஆண்டிறுதியில் பழைய குறிப்பேடுகளை மாணவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, அவன் தன் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டான். அதன்பின் அதில் ஏதேனும் எழுதினானா என்று நான் கேட்கவில்லை.

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இரவு உணவுக்குப் பின் நானும் மூன்று வரி எழுதி வருகிறேன். நேற்று எழுதியவை: மூக்குக் கண்ணாடியின் தளர்ந்த திருகைக் கடைக்கார இளைஞர் முடுக்கிக் கொடுத்துக் காசு வேண்டாம் என்றார். பேத்தி, தமிழ் இலக்கணத்தில் ஓர் ஐயத்தை என்னிடம் கேட்டாள்; தந்தையிடம் கேட்கவில்லை. மூன்றாவது வரிக்கு நெடுநேரம் யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.