ஹேசலும் அதன் வேலியும்

1543ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றியின் ஆட்சிக் காலத்தில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் காடுகளைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றிற்று. கப்பலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய பெருமரங்கள் அருகி வருகின்றனவே என்ற கவலைதான் அதற்கு மூலகாரணம். எனினும் அதன் ஷரத்துக்களில் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. குறுங்காட்டை வெட்டி எடுப்பவன், ஏக்கருக்கு 12 மரங்களையாவது நெடிது வளரும்படி விட்டுவைக்க வேண்டும் என்பதோடு, வெட்டிய இடத்தைச் சுற்றி அடைத்து, அங்கே மறுபடியும் துளிர்த்து வரும் கொழுந்துகளை ஆடுமாடுகள் மேயாதபடி சில வருஷ காலம் காக்கவும் வேண்டும் என்று அது விதித்தது. வெட்டுவதைத் தடுக்காமல், வெட்டிய பிறகு மேய்வதைத் தடுத்த அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் காட்டின் சுபாவத்தை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அந்தக் குறுங்காடுகளில் பெரும்பங்கு வகித்த ஹேசல் என்னும் மரத்துக்கு வெட்டு பகையன்று, கடிதான் பகை.

ஹேசல் நம் நாட்டுச் சமவெளிகளில் வளராத மரம். நம்மில் பெரும்பாலோர் அதை அறிந்திருப்பதெல்லாம் சாக்லேட்டுக்குள் பொதிந்து வரும் உருண்டைப் பருப்பின் மூலமாகத்தான். அந்தப் பருப்பில் பெரும்பகுதி துருக்கியின் கருங்கடற்கரையில், கிரேசுன், ஓர்டு முதலிய பிரதேசங்களின் மலைச்சரிவுகளில் விளைந்து உலகமெங்கும் போகிறது. ஆனால் இங்கிலாந்தில் இதைப் பருப்புக்காக வளர்த்தவர்களைவிடக் கழிக்காக வளர்த்தவர்களே அதிகம்.

ஜனவரி, பிப்ரவரி மாதக் குளிரில், சுற்றியுள்ள மரங்களெல்லாம் மொட்டையாய் நிற்கும்போதே, இலை விடுவதற்கு முன்னால் இது பூத்துவிடுகிறது. ஆண்பூக்கள் மஞ்சள் குஞ்சங்களாகத் தொங்குவது தூரத்திலிருந்தே தெரியும். பெண்பூவையோ கிளையை வளைத்துக் கண்ணருகே கொண்டுவந்தால் அன்றிக் காண முடியாது. பார்வைக்குச் சாதாரண மொட்டாகத் தோன்றும் ஒன்றின் நுனியிலிருந்து, நூலிழையின் கனமே உள்ள சில கருஞ்சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவ்வளவுதான் அந்தப் பூ. காற்றில் வரும் மகரந்தம் குளிர்காலத்தில் அதன்மேல் படிந்தாலும், உடனே கரு உண்டாவதில்லை. சில மாதங்கள் உள்ளேயே உறங்கியிருந்து, கோடைத் தொடக்கத்தில்தான் அது தன் காரியத்தை முடிக்கிறது. ஒரு மரத்தின் மகரந்தம் அம்மரத்துக்கே பயன்படாதாகையால், பருப்பை விரும்புகிறவர்கள் குறைந்தது இரண்டு ரகங்களை அருகருகே நட வேண்டும்.

கழியை விரும்புகிறவர்களுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. அவர்கள் செய்வது, ஏழு முதல் பத்து வருஷங்களுக்கு ஒருமுறை, இலை உதிர்ந்த காலத்தில், மரத்தைத் தரையோடு தரையாக வெட்டிவிடுவது. நம் கரும்புக் கொல்லையில் கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புவதைப் போல, அடுத்த வசந்தத்தில் அந்தக் கட்டையைச் சுற்றிலும் நேரான புதிய கழிகள் புறப்பட்டு, ஒரே கோடையில் ஆள் உயரத்தை எட்டினாலும் எட்டிவிடும். வெட்டாமல் விட்ட ஹேசலின் ஆயுள் எழுபது எண்பது வருஷம் என்று சொல்வார்கள். முறை தவறாமல் வெட்டி வந்த கட்டையோ நூற்றாண்டுகள் கடந்தும் சளைக்காமல் துளிர்க்கிறது. ஸஃபோக் மாகாணத்தில் பிராட்ஃபீல்டு என்றொரு காடு இருக்கிறது. ஒரு காலத்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகளுக்குச் சொந்தமாயிருந்த அந்தக் காடு, 1252ஆம் ஆண்டு முதல் இவ்விதமாகவே வெட்டப்பட்டும் துளிர்த்தும் வருகிறதென்பதற்கு ஆதாரங்கள் உண்டு. காடுகளின் சரித்திரத்தைத் தம் வாழ்நாள் வித்தையாகக் கொண்ட கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ரேக்கம் (1939–2015) திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்த காடுகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கழிகளின் உபயோகம் கொஞ்சநஞ்சமன்று. பிளந்து பின்னினால் ஆட்டுப்பட்டிக்குப் படல். சட்டங்களின் நடுவே வரிச்சாகக் கட்டி மண் பூசினால் வீட்டுச் சுவர். முறுக்கி வளைத்தால் கூரை வேய்கிறவனுக்கு முளைக்குச்சி. அப்படியே நட்டால் அவரைக் கொடிக்குக் கொழுகொம்பு. சாமர்செட் சதுப்பு நிலத்தில், கி.மு. 3807ஐ ஒட்டி மனிதர்கள் அமைத்த ஸ்வீட் டிராக் என்னும் மரப்பாதையிலும் ஹேசல் கழிகள் முளைகளாக அடிக்கப்பட்டிருக்கின்றன.

நடுகிற முறை கடினமானதன்று. நவம்பர் முதல் மார்ச் வரை, மரம் உறங்கும் பருவத்தில், மண் ஒட்டாத வேரோடு கூடிய முழ உயரக் கன்றுகளை, மண்வெட்டியால் பிளந்த நிலத்தில் நட்டுக் காலால் மிதித்து இறுக்கிவிடுவது அங்கே வழக்கம். கட்டிலிருந்து எடுத்த கன்றின் வேரை அரை மணி நேரம் குளிர்க்காற்றில் காய விட்டால் பாதி உயிர் போய்விடும் என்பதால், குழிக்கு அருகே போகும்வரை பையைவிட்டு எடுக்காமலிருப்பது உத்தமம். கழிக்காக என்றால் இரண்டு இரண்டரை மீட்டர் இடைவெளி போதும்; பருப்புக்காக என்றால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். முதல் மூன்று வருஷங்களுக்குக் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் புல் முளைக்க விடலாகாது. நீரைப் புல் பங்கு போட்டுக்கொள்வது மட்டும் இதற்குக் காரணமன்று. அடர்ந்த புல்லுக்குள்தான் வோல் என்னும் குட்டைவால் எலி குடியிருந்துகொண்டு, கன்றின் அடிப்பட்டையை ஒருவர் கண்ணிலும் படாமல் வளையம்போல் கொறித்துவிடுகிறது. ஆகவே களையெடுப்பதே காவலின் முதல் பகுதியாகிவிடுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. தரையோடு வெட்டினாலும் சாகாத மரம், நுனியை நாலு வாய் மேய்ந்ததனாலா செத்துப்போகும்? மனிதன் வெட்டுவது, மரம் தன் சத்தையெல்லாம் வேருக்குள் இறக்கிச் சேமித்து வைத்திருக்கும் குளிர்காலத்தில். அதுவும் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை. வெட்டிவிட்டு அவன் போய்விடுகிறான். மானோ, அந்தச் சேமிப்பு முழுவதையும் செலவிட்டுக் கட்டை புதுத்துளிரை அனுப்பியிருக்கும் மே மாதத்தில் வந்து அதைத் தின்கிறது. கட்டை மிச்சமிருந்ததைத் திரட்டி மறுபடி துளிர்த்தால், மறுபடியும் வருகிறது. இப்படி இரண்டு மூன்று கோடைகள் கழிந்தால், பல நூறு வருஷம் வாழ்ந்த கட்டையும் உளுத்துப்போகும். துளிரின் நுனி மானின் வாய்க்கு எட்டாத உயரத்தைத் தாண்டும் வரையில்தான் அபாயம். தாண்டிவிட்டால் அடுத்த வெட்டு வரை அந்தக் கட்டைக்குக் கவலை இல்லை. காவல் வேண்டிய காலம் சுருக்கமானது, ஆனால் அதில் ஓய்வு இல்லை.

தின்றது எது என்று அறிவது முதல் வேலை. பிராணியைக் கண்ணால் காண்பது அரிதாகையால், கடிபட்ட குச்சியைத்தான் பார்க்க வேண்டும். குழிமுயலுக்கு மேலும் கீழும் உளிபோன்ற முன்பற்கள் இருப்பதால், அது கடித்த குச்சி கத்தியால் சாய்வாகச் சீவியது போலச் சுத்தமாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே குச்சியைப் பற்றி இழுத்துத்தான் அது பிய்க்கிறது. ஆகையால் நுனி நாராகக் கிழிந்து, ஒரு பக்கம் பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பிறகு சந்தேகமே வராது. முழங்கால் உயரத்துக்குக் கீழே சுத்தமான வெட்டு என்றால் முயல்; இடுப்புயரத்தில் நார் கிழிசல் என்றால் மான்.

இந்தப் பகைவர்களில் பலர் இங்கிலாந்துக்கு வந்தேறிகள் என்பது விசித்திரம். குழிமுயலையும், நம் புள்ளிமானை நினைவூட்டும் ஃபாலோ மானையும் தங்கள் உணவுக்கும் வேட்டைக்குமாகக் கொண்டுவந்தவர்கள் நார்மானியப் பிரபுக்கள். 1953இல் மிக்ஸமடோசிஸ் என்னும் நோய் பரவி முயல்கள் ஏறக்குறைய பூண்டற்றுப்போயின. சில காலம் இளங்கன்றுகளுக்கு நல்ல காலம் பிறந்தது. பின்னர் நோயைத் தாங்கும் முயல்கள் பெருகிவிட்டன. மன்ட்ஜாக் என்னும் குள்ளமான் சீனாவைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் நாய்போல் குரைக்கும் கேளையாட்டுக்கு அது நெருங்கிய உறவு. ஏறத்தாழ நூற்றிருபது வருஷங்களுக்கு முன் பெட்ஃபோர்டு கோமகனுடைய வோபர்ன் பூங்காவில் அழகுக்காக வளர்க்கப்பட்ட அது, தப்பியும் விடப்பட்டும் பரவி, இன்று தென் இங்கிலாந்துக் காடுகளில் எங்கும் திரிகிறது. அதற்கு ஈனும் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுதும் குட்டி போடும். நிற்கும்போது முழங்கால் உயரமே இருந்தாலும், எட்டாத துளிரை உடம்பால் அழுத்தி வளைத்து, நுனியைக் கீழே கொண்டுவந்து தின்னும் யுக்தியும் அதற்குத் தெரியும். எஜமானர்களின் விநோதத்துக்காக வந்த பிராணிகளின் செலவை அவர்களுடைய காட்டுக்கு நெடுநாள் பின்னால் வந்தவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தடுப்பதற்குரிய உபாயங்களில் உறுதியானது வேலி. முயலுக்கு, 31 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை முக்கால் மீட்டருக்கு மேல் உயரமாக இருந்தால் போதும். ஆனால் அதன் அடிப்பகுதியில் ஒரு சாண் அகலத்தை வெளிப்புறமாக மடித்துத் தரையில் படிய வைத்து, முளையடிக்க வேண்டும். முயல் வேலியின் அடியில்தான் பள்ளம் தோண்டத் தொடங்கும். காலடியிலும் வலையே தட்டுப்படவே, ஒரு சாண் பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்குத் தோன்றுவதில்லை. மானுக்கு 1.8 மீட்டர் உயரம் வேண்டும். சிறிய ஜாதிகளுக்கு 1.5 மீட்டர் போதும் என்பார்கள். கம்பிவலைக்குப் பணமில்லாதவர்கள் பழைய முறையையே கைக்கொள்கிறார்கள்: வெட்டிய காட்டின் ஓரங்களில் இரட்டை வரிசையாக முளையடித்து, வேண்டாத சிம்புகளையும் முள்ளையும் அவற்றின் நடுவே அடைத்து, மார்பளவு உயரச் சுவராக எழுப்புவது. சிலர் கட்டையின் மேலேயே சிம்பைக் கவிழ்த்து மூடுகிறார்கள். இதில் அளவு தெரிய வேண்டும். அதிகமாக மூடினால் வெயிலில்லாமல் துளிர் வெளிறிப்போவதோடு, சிம்புக் குவியலுக்குள் முயலே வந்து குடியேறிவிடும்.

1979இல் கிரஹாம் டூலி என்ற வனத்துறை ஆராய்ச்சியாளர் வேறொரு வழி கண்டார். காட்டைச் சுற்றி வேலியிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கன்றுக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டினால், பிராணிகளுக்கும் எட்டாது, உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் கன்றும் சீக்கிரம் உயரும். ஓக் மரத்துக்கு இது வரப்பிரசாதம் என்றே சொல்லலாம். ஆனால் ஹேசலுக்கு இது அவ்வளவு பொருத்தமானதன்று என்பது என் அபிப்பிராயம். அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிவதைச் சுபாவமாக உடைய செடியை 1.2 மீட்டர் நீளக் குறுங்குழாய்க்குள் நிறுத்தினால், ஒற்றைத் தண்டாக நீண்டு மெலிந்து, குழாயை எடுத்த அன்றே சாய்ந்துவிடுகிறது. அகன்ற வலைக் கூண்டே இதற்கு நல்லது. எடுப்பாரில்லாமல் காட்டிலேயே வெடித்துச் சிதறிக் கிடக்கும் பழைய குழாய்கள் இப்போது தாமே ஒரு தொல்லையாகிவிட்டபடியால், அட்டையிலும் ஆட்டு ரோமத்திலும் குழாய் செய்யும் முயற்சிகள் நடந்துவருகின்றன.

எந்த வேலியானாலும் மானைக் குறைப்பதில்லை. அடுத்தவன் காட்டுக்கு அனுப்புகிறது. ஓநாய் முதலிய வேட்டைப் பிராணிகள் அங்கே அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகளாகிவிட்டமையால், அண்டை நிலக்காரர்கள் கூடிப் பேசி, ஆண்டுதோறும் இத்தனை என்று மான்களைச் சுட்டுக் குறைப்பது அங்கே அவசியமாயிருக்கிறது. ஜீவகாருண்யத்தில் ஊறிய நமக்கு இது கசப்பாகப் படலாம். ஆனால் மான் மிகுந்த காட்டில் பூச்செடிகளும், புதரில் கூடு கட்டும் குருவிகளும் மறைந்துபோவதைக் கண்டவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அணிலின் கதை தனி. 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து செஷயரிலுள்ள ஹென்பரியில் விடப்பட்ட சாம்பல் அணில், உள்நாட்டுச் செவ்வணிலைப் பெரும்பாலான இடங்களிலிருந்து அகற்றிவிட்டதோடு, ஹேசல் பருப்பு முற்றும் முன்பே பச்சையாகவே பறித்துத் தின்றும் எறிந்தும் மரத்தைக் காலி செய்துவிடுகிறது. இதற்கு எந்த வேலியும் பொருட்டில்லை. ஹேசலை நம்பி வாழும் டார்மவுஸ் என்னும் பொன்னிறச் சிற்றெலிக்கு இதனால் நேரும் நஷ்டம் பெரிது. தரையில் கிடக்கும் ஓட்டைக் கையிலெடுத்துப் பார்த்தால் யார் தின்றது என்று தெரியும்: அணில் ஓட்டை இரண்டாகப் பிளந்துவிடும், டார்மவுஸோ ஓரம் வழவழவென்றிருக்கும்படி வட்டமான துளையிட்டிருக்கும். 1993இல் இங்கிலாந்து முழுவதும் பொதுமக்கள் காடுகளில் ஓடு பொறுக்கி அந்த அரிய எலி வாழும் இடங்களைக் கண்டறிந்தது இந்த அடையாளத்தைக் கொண்டுதான்.

பருப்புக்கென்றே ஹேசல் பயிரிடும் கென்ட் மாகாணத் தோட்டக்காரர்களுக்கும் அணில்தான் முதல் பகை. 1830ஐ ஒட்டிப் பிரசித்தியடைந்த கென்டிஷ் காப் என்னும் ரகம் 1913இல் 7,000 ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. 1990 வாக்கில் அது சுமார் 250 ஏக்கராகச் சுருங்கியதற்குக் கூலியும் இறக்குமதியும் முக்கியக் காரணங்களாயினும், அணிலுக்கும் அதில் பங்கில்லாமலில்லை. இன்றும் மிஞ்சியிருப்பவர்கள் தோட்டத்தைக் காட்டோரத்திலிருந்து விலக்கி வைத்து, பொறி வைத்து அணிலைப் பிடிக்கிறார்கள். பருப்பு பழுப்பாகும்வரை காத்திராமல், ஆகஸ்ட் கடைசியிலேயே பச்சைக் காயாகப் பறித்து விற்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். உப்பைத் தொட்டுக்கொண்டு தின்னும் அந்த இளம் பருப்பில் பாலின் சுவை இருக்கும், அணிலுக்கு முன்னால் முந்திக்கொண்ட லாபமும் கிடைக்கும்.