‘டக்... டக்...’னு சத்தம் வந்தா மிதிக்காதீங்க! - புது டூரிங் சைக்கிளும் மூன்றாம் நாள் கோளாறும்

திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலை, திருச்சி சைக்கிள்காரர்களுக்குச் செல்லமான சாலை. வழி நெடுக வாழைத்தோப்பு, காவிரிக் காற்று, ஏற்றமே இல்லாத ரோடு. புது சைக்கிளை ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தச் சாலையில்தான் உத்தமர்சீலி தாண்டியதும், ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த அந்த வங்கி ஊழியரின் இடது காலுக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

வயது 34. பெயர் வேண்டாம் என்கிறார். சீட்டு எடுத்த பணத்தில் 45,000 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய டூரிங் சைக்கிள். வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி வரை தனியாக ஓட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. “இந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாமே” என்று வீட்டில் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு வாங்கிய சைக்கிள் அது.

“முதல்ல செருப்பு எங்கயோ உரசுதுன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவை இடது காலை அழுத்தும்போதும் டக், டக்னு கேட்டுச்சு. கொஞ்ச தூரத்துல பெடலே ஆட ஆரம்பிச்சிடுச்சு. இறங்கிப் பார்த்தா, பெடலைத் தாங்குற கையே ஆடுது” என்கிறார்.

அந்தக் ‘கை’தான் கிராங்க். கையில் ஸ்பேனர் இல்லை. அப்படியே மிதித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியிருக்கிறது. ஏனோ மனசு வரவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தவரை, வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டியானை ஒன்று ஏற்றிக்கொண்டது. அன்று அவர் மிதிக்காமல் தள்ளியதுதான் பிறகு அவரைக் காப்பாற்றியது. அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வரலாம்.

டூரிங் சைக்கிள் என்பது வேகத்துக்கான சைக்கிள் அல்ல, பாரத்துக்கான சைக்கிள். பின்னால் கேரியர், அதன் இரண்டு பக்கமும் பைகள், துணிமணி, தண்ணீர், டூல்ஸ் எல்லாம் சேர்த்து பத்து, பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஓட வேண்டும். அதனால்தான் அகலமான டயர், நீளமான ஃபிரேம், பெரும்பாலும் சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ். ஊருக்குள் ஓட்டும் சைக்கிளில் மாதக்கணக்கில் வெளியே தெரியாத சின்னக் கோளாறுகூட, இதில் ஒரே நாளில் பல்லைக் காட்டிவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் அது அட்டைப்பெட்டியில் வருகிறது. ‘85 சதவிகிதம் பூட்டித் தரப்படும்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் இவற்றை வாங்கியவர் மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த 15 சதவிகிதத்தைத்தான் எல்லோரும் வீடியோ பார்த்துப் பார்த்து, பயந்து பயந்து மாட்டுகிறார்கள். தொழிற்சாலையில் மாட்டிய அந்த 85-ஐ யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இவரும் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய சைக்கிள் கடை. ஒரு காலத்தில் வரிசையாக வாடகை சைக்கிள் நின்ற கடை. இப்போது ஓவராயிலும் பஞ்சரும்தான். கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்.

“பெடலை நீங்கதான் மாட்டினீங்களாம்மா?”

“ஆமாண்ணே. தப்பா மாட்டிட்டேனா?”

“இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. இடது பெடலுக்கு மரை மாத்தி இருக்கும், அதுலதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. நீங்க விடலை. இந்த கிராங்க் போல்டைத்தான் அங்க எவனும் முடுக்கவே இல்ல.”

இடது பெடலின் மரை மட்டும் இடதுபக்கம் சுற்றினால் இறுகும்படி இருக்கும். வழக்கம்போல வலதுபக்கம் சுற்றிப் பலம் கொடுத்தால், கிராங்கில் இருக்கும் அலுமினிய மரை நாசமாகிவிடும். புது சைக்கிளை வீட்டில் பூட்டும்போது அடிக்கடி நடக்கும் விபத்து இது. பெடலில் ‘எல்’, ‘ஆர்’ என்று எழுத்து இருக்கும். முதல் சில சுற்றுகளை ஸ்பேனரைத் தொடாமல் விரலாலேயே சுற்றினால் போதும், தப்பு உடனே தெரிந்துவிடும்.

இவருடைய சைக்கிளில் கோளாறு அதற்கு உள்பக்கம். பழைய சைக்கிளில் காட்டர் பின் அடித்து கிராங்கை நிறுத்துவார்கள். இப்போது பல சைக்கிள்களில் எஃகு ஆக்ஸிலின் முனை நான்கு பட்டையாக, நுனி நோக்கிக் குறுகி இருக்கும். அலுமினிய கிராங்கின் சதுர ஓட்டையை அதன்மேல் ஏற்றி, போல்டை நன்றாக முடுக்க வேண்டும். முடுக்காவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் எஃகு அசையும், அலுமினியம் தேயும். சதுரம் மெல்ல மெல்ல வட்டமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். ‘டக்’ கேட்டதும் இறங்கினால் ஒரு போல்டோடு போகும். ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்துவிட்டால் ஒரு கிராங்க் போய்விடும். இவருடையதில் சதுரத்தின் ஒரு மூலை மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. முடுக்கிவிட்டால் ஊருக்குள் ஓட்டலாம், பாரத்தோடு வேளாங்கண்ணிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

அதோடு நிற்கவில்லை. பின் சக்கரத்தின் ஸ்போக்ஸை (அவர் பாஷையில் போக்ஸ் கம்பி) வீணைத் தந்தி மாதிரி ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். வலதுபக்கக் கம்பிகள் கணீர் என்றன. இடதுபக்கத்தில் சில சொத்தென்று ஒலித்தன. பல்சக்கரங்கள் வலதுபக்கம் இருப்பதால், பின் சக்கரத்தில் வலதுபக்கக் கம்பிகள் எப்போதுமே அதிக இறுக்கமாக இருக்கும். இடதுபக்கம் கொஞ்சம் தளர்வு சகஜம். ஆனால், ஒரே பக்கத்தில் ஒரு கம்பி இறுகியும் பக்கத்துக் கம்பி தொளதொளவென்றும் இருந்தால் அது சகஜம் இல்லை. தளர்ந்த கம்பி சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் விறைத்து, நெகிழ்ந்து, விறைத்து, கடைசியில் ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் முறியும். பாரம் ஏற்றிய பின் சக்கரத்தில்தான் இது அதிகம்.

அடுத்து முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் இடத்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்க. இவருடையதில் இல்லை. இருந்திருந்தால், அதைச் சரிசெய்யும்வரை ஓட்டவே கூடாது. ஹேண்டிலைத் தாங்கும் இடத்தோடு விளையாட முடியாது.

கடைசியாக கியர். பின்னால் இருக்கும் கியர் மாற்றியில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். செயின் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், எவ்வளவு வெளியே வரலாம் என்பதற்கு எல்லை போடுபவை அவைதான். உள்பக்க எல்லை தவறினால், ஏற்றத்தில் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது செயினோ, அந்த கியர் மாற்றியோ ஸ்போக்ஸுக்குள் புகுந்துவிடும். பெட்டி கூரியரில் எறிபட்டு வரும்போது அது தொங்கும் கொக்கி வளைந்திருந்தாலும் இதே கதிதான். சக்கரமும் போகும், சில நேரம் ஃபிரேமும் போகும். வண்டியைத் தூக்கிப் பிடித்துக் கையால் பெடலைச் சுற்றி, எல்லா கியரையும் மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். முதல் 100, 200 கிலோமீட்டரில் கியர் கொஞ்சம் தடுமாறும். கேபிளும் அதன் மேலுறையும் இடம் பிடித்து அமர்வதால் வருவது. திருகி ஒரு சுற்று சரிசெய்தால் தீர்ந்தது. புது டிஸ்க் பிரேக் முதல் நாளில் சரியாகப் பிடிக்காமல் இருப்பதும் அப்படித்தான். ஆளில்லாத ரோட்டில் இருபது முப்பது முறை வேகமெடுத்து, மெல்ல அழுத்தி நிறுத்திப் பழக்கினால் பிடிக்க ஆரம்பிக்கும். பழக்கத்தால் சரியாகும் கோளாறு எது, ஓட்ட ஓட்ட மோசமாகும் கோளாறு எது எனப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான் விஷயம் இருக்கிறது.

‘நீங்க ஓட்டினதாலதான் போச்சு!’

விற்ற நிறுவனத்துக்கு மெயில் போட்டார். வந்த பதில் ஒரே வரி: பயன்பாட்டினால் ஏற்பட்ட சேதம், வாரன்டி பொருந்தாது. தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் தேயும் என்பது உண்மைதான். ஆனால், அதைத் தளர்வாக அனுப்பியது யார்?

இங்கேதான் பத்து வயது மகள் கை கொடுத்தாள். அம்மா பெட்டி பிரிப்பதைப் பெருமையாக போனில் முழுசாக வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதில் கிராங்க் போல்டின் மூடி மூடியபடியே தெரிகிறது. பெட்டியோடு வந்த கையேட்டில், வாங்கியவர் மாட்ட வேண்டியவை என்று போட்டிருந்த பட்டியலிலும் கிராங்க் இல்லை. மூன்றாம் நாளே பாதி வழியில் நிறுத்தி, குட்டியானையில் ஏற்றி வந்ததற்கும் போட்டோ இருந்தது. எல்லாவற்றையும் இணைத்து, தேதி வாரியாக மறுபடியும் எழுதினார். தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டார். “போன்ல பேசினா அவங்க இனிமையா பேசுறாங்க. ஆனா மறுநாள் காட்டுறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது” என்கிறார்.

சட்டம் இந்த இடத்தில் வாங்கியவர் பக்கம் ஓரளவு பலமாகவே இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. அப்படியும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இவர் 1915 வரை போனார். பத்தாவது நாள் புது கிராங்க் வந்தது. சக்கரத்துக்கு மட்டும் ‘புது ஸ்போக்ஸ் செட் ஆவது இயல்பு’ என்று கை விரித்துவிட்டார்கள். பாதி உண்மை. புது சக்கரத்தைக் கொஞ்சம் ஓட்டியபின் ஒருமுறை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது சரி. முதல் நாளே ஏற்ற இறக்கமாக இருப்பது எந்த இயல்பில் சேரும்? அதற்காக இன்னொரு மாதம் மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமை இல்லை. ஸ்ரீரங்கம் கடையிலேயே கோட்டம் எடுத்துக்கொண்டார். கூலி 300 ரூபாய்.

அரிசிப் பையோடு ஒரு ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கேரியரின் இரண்டு பக்கப் பைகளிலும் 5 கிலோ அரிசிப் பை ஒன்றைப் போட்டு, அதே கல்லணைக்கு ஓட்டிப் போய் வந்தார். இது கடைக்காரர் சொன்ன யோசனை. வெறும் சைக்கிளில் தெரியாதது பாரத்தில் தெரியும் என்பது அவர் கணக்கு. தெரிந்தது. வீடு திரும்பிப் பார்த்தால், கேரியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் போல்டில் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. அது கழன்று கேரியர் சரிந்தால் பை நேராகப் பின் சக்கரத்துக்குள்தான் போகும். வாஷர் போட்டு, மரைக்குப் பசை தடவி முடுக்கிக்கொண்டார்.

டிசம்பர் கடைசியில் ஒரு விடிகாலை கிளம்பினார். முதல் நாள் தஞ்சாவூரில் தங்கல். மறுநாள் நீடாமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயரில் காற்று இறங்கியது. பஞ்சர் கடைக்காரர் டயரை உள்ளும் புறமும் தடவித் தடவிப் பார்த்தார். முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை.

“ஓட்டை ரோட்டுப் பக்கம் இல்லக்கா. ரிம்முப் பக்கம் இருக்கு பாருங்க.”

ரிம்மின் உள்பக்கம் ஸ்போக்ஸ் துளைகளை மூடும் நாடா, ஓர் இடத்தில் நகர்ந்து போயிருந்தது. காற்றழுத்தத்தில் டியூப் அந்தத் துளைக்குள் பிதுங்கி, அதன் விளிம்பிலேயே அறுந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் பஞ்சரை மட்டும் ஒட்டினால், அடுத்த ஊரில் மறுபடி இறங்கியிருக்கும். தொழிற்சாலை மாட்டிய அந்த 85-ல் இன்னொன்று!

கடைக்காரர் ஒரு பழைய டியூபை ரிம் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, வால்வுக்கு ஒரு ஓட்டை போட்டு, சுற்றிலும் இழுத்து மாட்டினார். பஞ்சருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அன்று இருட்டுவதற்குள் அவர் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பழைய டியூப் நாடா இன்னமும் அந்தச் சக்கரத்துக்குள்தான் இருக்கிறது.