ஃபைல் கெடவில்லை, ஃபாண்ட்தான் காணோம்

பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய ஃபைலை லினக்ஸ் கம்ப்யூட்டரில் திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுகிறது. "கரப்ட் ஆயிடுச்சு சார், லினக்ஸ்ல இதெல்லாம் வராது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இந்தப் பதில் தவறு. அதை நம்பி ஃபைலை அழித்துவிட்டால்தான் உண்மையான நஷ்டம்.

இந்தச் சிக்கல் இப்போது அதிகமாகக் கிளம்பக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. மிஷினைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் விண்டோஸை அழித்து லினக்ஸ் போடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான், பழைய ஃபைல்களைப் படிப்பதற்கான சாவியும் சேர்ந்து அழிந்துபோகிறது. அந்தச் சாவி என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போடிநாயக்கனூரில் இது வெறும் கம்ப்யூட்டர் தொல்லை இல்லை. வீடு போடியில், தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ ராஜகுமாரியிலோ இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பாகப்பிரிவினை வரைவு, குத்தகை ஒப்பந்தம், உயிலின் நகல், தோட்டத் தொழிலாளர் சம்பளக் கணக்கு, ஏல கம்பெனிக்கும் பேங்குக்கும் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஏதோ ஒரு டிடிபி சென்டரில் அடித்து வாங்கியவை. சி.எச்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் ஏலமலைக் காப்புக்காட்டு நிலம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அங்கே புதிதாகப் பட்டா வழங்க 2024 அக்டோபரில் இடைக்காலத் தடையும் வந்தது. இந்த நிலைமையில் எந்தப் பழைய காகிதம் எப்போது தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய ஃபைலில் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் உண்டு. முதலாவது ஃபைலின் வடிவம். வேர்டில் அடித்த 'டாக்' ஃபைல் என்றால் கவலையே வேண்டாம். அந்த வடிவத்தின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்டே 2008-இல் வெளியிட்டுவிட்டது. லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் அதைத் திறக்கும். வேர்ட்பெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் ஃபைல்களையும் திறக்கும். இன்றைய வேர்ட், வேர்ட் 95-க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் உரிய ஃபைல்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தானாகவே தடுத்துவிடுகிறது. செட்டிங்கை மாற்றினால்தான் விடும். ஆக, மிகப் பழைய ஃபைல் விஷயத்தில் லினக்ஸ்காரர் இரண்டாம் இடத்தில் இல்லை.

கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்த பேஜ்மேக்கர் ஃபைல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். லிப்ரே ஆபீஸின் டிரா பகுதி அதைத் திறக்கிறது. படமும் பத்தியும் இடம் மாறி நிற்கலாம், எழுத்து கிடைத்துவிடும். டாஸ் காலத்து வேர்ட்ஸ்டார் ஃபைலில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விசித்திரமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சொல் முடிவைக் குறிக்க அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை அது மாற்றி வைக்கும். லினக்ஸ் தெரிந்தவர் ஒரே ஒரு கட்டளையில் அதை நீக்கித் தருவார்.

இரண்டாவது பூட்டு எழுத்தின் குறியீடு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குத் தமிழ் எழுத்து என்று தனியாக எதுவும் தெரியாது. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்து வேலையை ஓட்டினார்கள். பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஜே இருக்கும் இடத்தில் 'த' என்று வரைந்து காட்டுவது ஃபாண்ட். ஃபாண்ட் இல்லையென்றால் ஜே ஜேயாகவே தெரியும். எழுத்து எங்கேயும் போகவில்லை, முகமூடி கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கியதுதான் பெரிய கொடுமை. பாமினியில் அடித்ததை வானவில்லில் படிக்க முடியாது, வானவில்லில் அடித்ததை ஸ்ரீலிபியில் படிக்க முடியாது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியை அரசு ஏற்றது. அறிவிப்பு வந்தது, டிடிபி மேசைகளில் பழக்கம் உடனே மாறவில்லை. அதனால் 2010-க்குப் பிறகு அடித்த ஃபைல் என்பதாலேயே அது ஒருங்குறியில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

முன்பு சொன்ன சாவி இதுதான்: பழைய விண்டோஸின் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டர். கம்ப்யூட்டரை ஃபார்மேட் போடக் கொடுக்கும் முன், மை டாக்குமென்ட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்திப்படாமல், இந்த ஃபோல்டரையும் அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஏறவே மறுக்கும் மிஷினிலும் இது முடியும். லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்கலாம். கடையில் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லாமல் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

லினக்ஸுக்கு வந்த பிறகு ஃபைலைத் திறந்து, குழம்பிய வரியில் கர்சரை வையுங்கள். மேலே ஃபாண்ட் பெயர் காட்டும் பெட்டியில் பெயர் சாய்வெழுத்தில் நின்றால், அந்த ஃபாண்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். பெயரைக் குறித்துக்கொண்டு, பென்டிரைவில் உள்ள அதே ஃபாண்டை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், மூடித் திறக்கும்போது பெரும்பாலும் தமிழ் வந்து நிற்கும். பார்க்கவும் பிரிண்ட் எடுக்கவும் இது போதும். ஃபாண்ட் கையில் இல்லையென்றால் அந்த ஃபைலை அடித்துத் தந்த டிடிபி சென்டரில் கேளுங்கள். விலைக்கு விற்ற ஃபாண்டுகளுக்கு உரிமம் உண்டு என்பதால், கண்ட இடத்தில் டவுன்லோட் செய்வதைவிட அதுவே முறை.

ஃபாண்டை நம்பியே காலம் தள்ள முடியாது, ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. தமிழ் இணையக் கல்விக்கழகம் இதற்கென்றே ஒரு மாற்றி மென்பொருளை வெளியிட்டிருக்கிறது. ஓபன் தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு பாமினி, வானவில், டிஸ்கி போன்ற பல குறியீடுகளை லினக்ஸிலேயே, இணைய இணைப்பு இல்லாமலேயே மாற்றும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் பலவற்றையும் முதலில் பழைய குறியீடுகளில் ஏற்றிவிட்டுப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. அத்தனை நூல்களுக்குச் சாத்தியமானது ஒரு குடும்பத்தின் பத்திரங்களுக்கும் சாத்தியமே. மலைக்கு மேலே எழுதிய மலையாள ஆவணங்களுக்கும் இதே நோய்தான். கார்த்திகா, ரேவதி ஃபாண்டுகளில் அடித்தவை அங்கே நிறைய. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு உருவாக்கிய 'பய்யன்ஸ்' அவற்றை மாற்றித் தரும்.

மாற்றும்போது ஓர் இடத்தில் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ'. தமிழுக்கு நடுவே தொகையை மட்டும் ஆங்கில ஃபாண்டில் அடித்திருப்பார்கள். மொத்த ஃபைலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 1,25,000 ரூபாய் '1இ25இ000' ஆகிவிடும். சர்வே எண்ணின் உட்பிரிவு எழுத்துக்கும் ஆங்கிலப் பெயர்களுக்கும் இதே கதிதான். தொகை, பரப்பு, சர்வே எண், தேதி நான்கையும் பழைய பிரிண்டோடு வைத்து இருவராகப் படித்துச் சரிபார்க்காமல் மாற்றிய ஃபைலைப் பயன்படுத்தாதீர்கள்.

அவசரத்தில் செய்யும் இன்னொரு காரியம், முகம் தெரியாத இலவச கன்வெர்ட்டர் தளத்தில் உயிலையும் கிரயப் பத்திரத்தையும் ஏற்றுவது. அதில் ஆதார் எண், பேங்க் கணக்கு, குடும்பத்தார் விவரம் எல்லாம் இருக்கும். ஏற்றிய பிறகு அதன் பிரதி எங்கே தங்குகிறது என்று உங்களால் பார்க்க முடியாது. அடுத்து, பழைய ஃபைலோடு மேக்ரோ வைரஸும் தூங்கிக்கொண்டிருக்கலாம். 1999-இல் உலகத்தையே ஆட்டிய மெலிசா இப்படி வேர்ட் ஃபைலில் ஏறி வந்ததுதான். மேக்ரோவை இயக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

எதைச் செய்வதானாலும் பிரதியில் செய்யுங்கள். மூல ஃபைலில் கை வைத்து சேவ் கொடுக்காதீர்கள். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். லினக்ஸில் ஹாஷ் எடுக்கும் வசதி கூடவே வருகிறது. மூல ஃபைல்களுக்கு இன்றே அதை எடுத்து, பிரிண்ட் போட்டு, தேதியிட்டு வைக்கலாம். சட்டப்படி குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டிய கணக்குகளை மின்வடிவில் வைப்பவர்கள், பிறகு எடுத்துப் பார்க்க முடிகிற நிலையில், உருவான வடிவத்திலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ வைக்க வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. திறக்க முடியாத ஃபைலை டிஸ்க்கில் வைத்திருப்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

பதிவான பத்திரத்தின் வேர்ட் ஃபைல் எவ்வளவு முயன்றும் திறக்கவில்லையா? பதற வேண்டாம், அது வரைவுதான். பதிவுச் சட்டம் 1908-இன் 57-ஆம் பிரிவின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். தோட்டம் கேரளத்தில் என்றால் அந்த எல்லைக்குரிய கேரளச் சார்பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை மின்வடிவிலேயே பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இடம் தருகிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலை டிஸ்க்கிலோ வேறு மின்வடிவிலோ கேட்கலாம், கேட்ட வடிவத்திலேயே தருவதுதான் பொதுவிதி. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கேட்கும்போது 'ஒருங்குறியில்' என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் கவனக்குறைவால் ஃபைல்கள் அழிந்தால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பார்க்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த சேவைக் கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர்களுக்குச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை எடுத்து வைக்கச் சொல்லி எழுதி வாங்கிய அந்த ரசீதுதான் அங்கே உங்கள் முதல் ஆவணம்.