கல்லாவில் பேசும் பிள்ளை மேடையிலும் பேசட்டும்



நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். துவரம் பருப்பு ஏன் விலை ஏறியது என்று கேட்கும் வாடிக்கையாளருக்குக் கொள்முதல் நிலவரத்தை விளக்கி, அவர் மனம் கோணாமல் இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதே பிள்ளையைச் சங்கக் கூட்டத்தில் நன்றியுரை சொல்லச் சொன்னால் வியர்த்துப் போகிறான். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். ஒருவரிடம் பேசுவது வேறு, நூறு பேர் முன்னால் பேசுவது வேறு. அதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை நாம் அவர்களுக்குத் தரவில்லை என்பதே உண்மை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நாம் பட்ட நட்டத்தையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது மண்டித் தெருவில் பகல் நேரத்தில் லாரிச் சரக்கு இறக்கக் கூடாது என்று பேச்சு எழுந்தது. அதிகாரிகள் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். நாற்பது பேர் போனோம். வயதில் மூத்தவர் என்று நம்மையே பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "ஐயா, வியாபாரம் ரொம்பக் கஷ்டம்" என்று தொடங்கினோம். அதற்கு மேல் நா எழவில்லை. உடனே பக்கத்தில் இருந்த நாலு பேர் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. ஒரு வாரத்தில் தடை உத்தரவு வந்தது. இரவில் சரக்கு இறக்கியதில் இறக்குக்கூலி ஏறியது, தூக்கமும் போயிற்று. நம் பக்கம் நியாயம் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு கூட்டம் வந்தது. இம்முறை நம் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருவருடைய மகள் வந்தார். கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் கலந்துகொண்ட பெண். கையில் ஒரு துண்டுச் சீட்டுதான். நாளொன்றுக்கு எத்தனை லாரி வருகிறது, ஒரு லாரி இறக்க எவ்வளவு நேரம் ஆகிறது, பள்ளிப் பிள்ளைகள் தெருவில் போகும் நேரம் எது என்று எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி, "பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணி வரை மட்டும் அனுமதியுங்கள், போதும்" என்று முடித்தார். அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். நாற்பது பேர் போய்க் கிடைக்காதது ஒரு பெண் பேசிக் கிடைத்தது. அன்று நமக்கு மகிழ்ச்சியும் வந்தது, வெட்கமும் வந்தது.

பேச்சு பிறவியிலேயே வர வேண்டும் என்பாருண்டு. காந்தியடிகளை எண்ணிப் பாருங்கள். லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுச் சங்கத்தில் அவர் எழுதிக்கொண்டு போனதைக்கூடப் பிறர்தான் படிக்க வேண்டியிருந்தது. பம்பாயில் முதல் வழக்கில் எழுந்தவர், கேள்வி கேட்க வராமல் உட்கார்ந்து, கட்சிக்காரர் தந்த 30 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவரே தமது முதல் பொதுப் பேச்சு என்று சத்திய சோதனையில் குறிப்பிடுவது, 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பேசியது. கேட்டவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் வியாபாரிகள்! பேசிய பொருள், வணிகத்தில் வாய்மை. அன்று அவர் தயார் செய்துகொண்டு போயிருந்தார், பேச்சு வந்தது. ஆகவே கூச்சம் குற்றமல்ல, பழகாமல் விடுவதே குற்றம். வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இன்று இத்தேவை கூடியிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத வரி வந்தது. 26 கிலோ மூட்டைக்கு இல்லாத வரி 25 கிலோ மூட்டைக்கு ஏன் என்று வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்டார். கணக்குப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும்; கடையின் கஷ்டம் கடைக்காரனுக்குத்தான் தெரியும். அதை அவையில் சொல்ல நம் வீட்டுப் பிள்ளைகளே தயாராக வேண்டும்.

செலவில்லாத வழிகள் இருக்கின்றன. காலையில் கடை திறந்ததும் நாளிதழின் விலை நிலவரத்தைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பதை அவனே கேட்கட்டும். நாம் குறுக்கே பேசாமல் இருப்போம். பேசப் போகுமுன் நான்கு குறிப்புகளைச் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். முழுதும் மனப்பாடம் வேண்டாம். அடுக்குமொழி தேவையில்லை. குறை என்ன, கணக்கு என்ன, கோரிக்கை என்ன, இம்மூன்றும் போதும்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்கி, ஐந்து இளைஞர்களுக்கு ஆளுக்கு 3 நிமிடம் கொடுங்கள். பெண் பிள்ளைகளையும் அழையுங்கள். தடுமாறினால் யாரும் சிரிக்க வேண்டாம். நமக்கு வராமல் போன பேச்சு நம் பிள்ளைகளுக்காவது வரட்டும்.