கிரெப் (யூனிக்ஸ் கட்டளை)

கிரெப் என்பது உரையை வரிவரியாகப் படித்து, தரப்பட்ட வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் காட்டும் கட்டளை ஆகும். லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இது உள்ளது. தேட வேண்டிய வடிவம் சுருங்குறித்தொடராக (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதப்படுகிறது. இக்கட்டுரையில் கட்டளைகள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் உள்ளிட வேண்டும்.

வரலாறு

சுருங்குறித்தொடரின் கணித அடிப்படையை அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனி 1950களில் வகுத்தார். அதைக் கொண்டு கணினியில் உரையைத் தேடும் முறையை, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன் 1968இல் வெளியிட்டார். யூனிக்சின் 'ஈடி' உரைத்தொகுப்பியில், கோப்பு முழுவதும் தேடிப் பொருந்தும் வரிகளை அச்சிட 'ஜி/ஆர்ஈ/பி' என்ற கட்டளை இருந்தது. அதுவே 1973இல் தனி நிரலாகி, 'கிரெப்' என்னும் பெயரையும் பெற்றது.

செயற்படும் விதம்

ஒரு கட்டளையின் வெளியீட்டை '|' என்னும் குழாய்க் குறி அடுத்த கட்டளைக்கு அனுப்புகிறது. 'எல்எஸ் -எல்' கட்டளையின் வெளியீட்டில் கோப்புறைக்குரிய வரி 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். எனவே, கோப்புறைகளை மட்டும் காணப் பின்வருமாறு எழுதலாம்:

எல்எஸ் -எல் | கிரெப் '^டி'

முதன்மைக் குறிகள்:

^ – வரியின் தொடக்கம்
$ – வரியின் முடிவு
. – ஏதேனும் ஓர் எழுத்துரு
* – முந்தைய உருப்படி எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம்
[ ] – அடைப்புக்குள் உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்று
\ – அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கும்

'-வி' என்ற விருப்பக்குறி பொருந்தாத வரிகளைக் காட்டும். '-சி' பொருந்திய வரிகளின் எண்ணிக்கையைத் தரும்.

பிழைகள் நேரும் இடங்கள்

கிரெப் எழுதப்பட்டதைத் தேடுமேயன்றி, எழுதியவரின் எண்ணத்தை அறியாது. வடிவம் தவறானாலும் பெரும்பாலும் எச்சரிக்கை வராது. தவறான விடையே வரும். பதிவேட்டில் '192.168.1.1' என்று தேடினால் 192.168.1.10, 192.168.1.15 ஆகிய முகவரிகளின் வரிகளும் சேர்ந்து வரும். அவற்றை எண்ணி முடிவெடுத்தால் கணக்குத் தவறும். '192\.168\.1\.1' என எழுதி, முழுச் சொல்லை மட்டும் கொள்ளும் '-டபிள்யூ' விருப்பக்குறியைச் சேர்ப்பது சரி.

ஷெல்லில் '*' கோப்புப் பெயர்களைக் குறிக்கும். கிரெப்பில் அதன் பொருள் வேறு. வடிவத்தை ஒற்றை மேற்கோளுக்குள் இடாவிட்டால், கிரெப்பிடம் சேருமுன்பே ஷெல் அதை மாற்றிவிடக்கூடும்.

பிழைச் செய்திகள் வேறு வழியில் வருவதால் அவை குழாய்க்குள் செல்வதில்லை. அவற்றையும் வடிகட்ட, குழாய்க் குறிக்கு முன் '2>&1' எனச் சேர்க்க வேண்டும்.

எதுவும் திரையில் வராதபோது முடிவு எண்ணைப் பார்ப்பது நல்லது. 0 எனில் பொருந்தும் வரி உண்டு. 1 எனில் இல்லை. 2 எனில் பிழை நேர்ந்தது.

தமிழ் உரையில் தேடுதல்

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்துகள் பல இரண்டு குறியீடுகளால் ஆனவை. 'மரம்' என்பது மூன்று எழுத்துச் சொல். ஆனால் ம, ர, ம, புள்ளி என நான்கு குறியீடுகள் கொண்டது. ஆகவே, மூன்றெழுத்துச் சொற்களைத் தேட '^...$' என்று எழுதினால் 'மரம்' கிடைக்காது, '^....$' என்பதற்கே கிடைக்கும். அவ்வாறே '^க' என்ற வடிவம் 'கல்' என்பதோடு 'கால்', 'கிளி', 'குடம்' ஆகியவற்றையும் தரும். தமிழ்ச் சொற்பட்டியலை வடிகட்டுவோர், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அன்றி, அதன் குறியீடுகளையே எண்ண வேண்டும்.