காந்தத் தட்டில் வரப்பு மாற்றுதல்

திருக்கடையூர்ப் பக்கத்து உழவரைக் கேட்டால் சொல்வார்: ஒரு மா நிலத்தைச் சிறுசிறு வயல்களாகத் தடுத்தால் வரப்பு பெருகும், நெல் விளையும் மண் குறையும். கணிப்பொறியின் வன்தட்டிலும் இதே கணக்குத்தான்.

தட்டின் மேல் வட்ட வட்டமாகத் தடங்கள் உள்ளன. ஒவ்வொரு தடமும் பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. துண்டுக்குத் துண்டு ஓர் இடைவெளி, தொடக்கக் குறி, பிழைதிருத்தும் குறியீடு ஆகியவை வேண்டும். இவையே வரப்புகள்.

1970-களின் ஐ.பி.எம். 3330 தட்டில் துண்டின் அளவை நிரல் எழுதுபவரே முடிவு செய்யலாம். ஒரு தடத்தின் கொள்ளளவு 13,030 பைட்டு. துளை அட்டையின் 80 எழுத்துகளை ஒரு துண்டாக வைத்தால் 61 துண்டுகளே அடங்கும். அதாவது 4,880 பைட்டு. பாதிக்கு மேல் வரப்புக்கே போயிற்று! சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பட்ட 370/155 கணிப்பொறியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பின்னர் 512 பைட்டு என்ற அளவு நிலைத்தது. அதற்கு வரப்பு சுமார் 65 பைட்டு. எட்டுத் துண்டுகளுக்கு 520 பைட்டு வீணாகும். எட்டையும் ஒன்றாக்கி 4,096 பைட்டுத் துண்டாக்கினால் 115 பைட்டு போதும். 2011 முதல் வன்தட்டு நிறுவனங்கள் இந்த அளவுக்கு மாறியது இதனால்தான்.

பெரிய சேமிப்பு நிலையங்களில் 520 பைட்டுத் துண்டுகளும் உண்டு. கூடுதல் எட்டு பைட்டில், தகவல் கெடாமல் வந்ததா, சரியான இடத்திலிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் குறிப்புகள் இருக்கும். வீணல்ல, காவல். ஆனால் அத்தகைய பழைய தட்டை மலிவாக வாங்கிச் சாதாரணக் கணிப்பொறியில் பொருத்தினால் அது பயன்படாது. தட்டு பழுதென்று எறிந்துவிட வேண்டாம். வரப்பை மாற்றினால் போதும்.

நாம் வழக்கமாகச் செய்யும் ஃபார்மேட் இதற்கு உதவாது. அது வயல்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதுவது போன்றது, வரப்பைத் தொடாது. அடிநிலை ஃபார்மேட் வேண்டும். ஸ்கஸி, சாஸ் வகைத் தட்டுகளில் புதிய துண்டளவை முதலில் தெரிவித்து, பிறகு ஃபார்மேட் கட்டளை தர வேண்டும். வீட்டுக் கணிப்பொறியின் சாட்டா தட்டுகள் பெரும்பாலும் இதற்கு இடந்தருவதில்லை. தலை தடம் பிடிக்க உதவும் வழிகாட்டிக் குறிகளோ தொழிற்சாலையில் மட்டுமே எழுதப்படுபவை.

உள்ளே இருந்த தகவல் அத்தனையும் அழிந்துவிடும். நேரமும் மிகுதி: நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட்டுத் தட்டுக்கு ஐந்தரை மணி ஆகும். நடுவில் மின்சாரம் நின்றால் தட்டு பாதி உழுத வயலாக நிற்கும். படிக்கவும் விடாது, எழுதவும் விடாது. மின்சாரம் வந்தபின் அதே கட்டளையை முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.