மல்லிப்பூ மஞ்சளாகத் தெரிந்தால்...



எங்கள் வீட்டில் 14 அங்குல கலர் டி.வி. ஒன்று உண்டு. தமிழக அரசு 2006-இல் தொடங்கி 2011 வரை இலவசமாக வழங்கியவற்றில் ஒன்று. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயசு. சத்தியமங்கலம் பக்கத்துப் பூக்காட்டில் விடியும்முன் மல்லி பறித்துவிட்டு வரும் என் அமுச்சிக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

ஒருநாள் படம் சுருங்கி, திரையின் நடுவே ஒரே வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. கடையில் கேட்டால், "எடைக்குப் போட்டுருங்க" என்றார்கள். அமுச்சி விடவில்லை. "நீ அதத்தானே படிக்கற சாமி, பாரேன்" என்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

வெர்ட்டிகல் ஐ.சி.யை மாற்றினேன். படம் வந்துவிட்டது. ஆனால் அமுச்சி, "ஏஞ்சாமி, மல்லிப்பூவு செவந்திப்பூவாட்டத் தெரியுதே?" என்றது. போதாததற்கு வலது மூலையில் ஊதாத் திட்டு வேறு.

இங்கேதான் நாம் படித்த பாடம் உதவுகிறது. முதல் கேள்வி: நிறக்கோளாறு திரை முழுக்க ஒரே மாதிரியா, ஓரிடத்தில் மட்டுமா?

முழுக்க என்றால், பிக்சர் டியூபின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கன்களில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். ஆகவே வெள்ளை மஞ்சளானால் நீலம் இல்லை. வெள்ளை இளநீலப் பச்சையானால் சிவப்பு இல்லை. கத்தரிப்பூ நிறமானால் பச்சை இல்லை.

அடுத்து டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் நெக் போர்டு. லேப் சார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, மூன்று கேத்தோடுகளிலும் வோல்டேஜ் பார்த்தேன். சிவப்பிலும் பச்சையிலும் 120 வோல்ட் அளவில். நீலத்தில் மட்டும் சப்ளை வோல்டேஜான 180 அப்படியே நின்றது. கேத்தோடு வோல்டேஜ் ஏறினால் கன் அணையும், இறங்கினால் பிரகாசிக்கும். அப்படியானால் டியூப் மேல் பழி இல்லை. நீல டிரான்சிஸ்டர்தான் கரண்ட் எடுக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அதன் எமிட்டர் காலில் ஈயம் மெல்லிய வளையமாக விரிந்திருந்தது. போர்டை நான் இழுத்துக் கழற்றியபோது விட்டது! குற்றவாளி நானேதான். மறுபடி ஈயம் வைத்ததும் நீலம் வந்தது.

இதற்கு நேர்மாறாக டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், அந்த ஒரு நிறமே திரை முழுக்கக் கொட்டும். குறுக்கே மெல்லிய கோடுகளும் தெரியும்.

ஓரிடத்தில் மட்டும் திட்டு என்றால் காரணம் காந்தம். ஸ்பீக்கரைக் கழற்றி டியூப் ஓரமாக நான் வைத்திருந்தேன். அதனால் டியூபுக்குள் உள்ள ஷேடோ மாஸ்க் காந்தமேறி, எலெக்ட்ரான் கற்றை வேறு நிறப் புள்ளியில் விழுந்தது. இதை நீக்கத்தான் டியூபைச் சுற்றி டீகாஸிங் காயில் இருக்கிறது. அதன் பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்திருந்தேன்! மாட்டி, செட் ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை ஆன் செய்ததும் திட்டு மறைந்தது. நடுவில் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். பாஸிஸ்டர் சூடாக இருந்தால் காயில் வேலை செய்யாது.

கடைசியாகக் கலரைப் பூஜ்யத்தில் வைத்துக் கருப்பு வெள்ளைப் படம் பாருங்கள். இருட்டான இடத்தில் நிறம் தட்டினால் கட்-ஆஃப் பிரீசெட். வெளிச்சமான இடத்தில் தட்டினால் டிரைவ் பிரீசெட்.

1980-இல் வந்த பேக்மேன் போன்ற காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்களிலும் இதே வகை டியூப்தான். அவற்றில் மூன்று நிறமும் தனித்தனி ஒயரில் வருவதால், முதலில் கனெக்டரை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: டியூபின் ஆனோடுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் தங்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் பின்மூடியைக் கழற்றாதீர்கள்.

அன்று ராத்திரி அமுச்சி டி.வி.யைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் பூவு பூவாட்ட இருக்குது" என்றது. செமஸ்டர் மார்க்கைவிட அது எனக்குப் பெரிசு.

நண்பர்களே, பழுது பார்த்தபின் புதுக்கோளாறு வந்தால், பழைய பொருளைத் திட்டுவதற்கு முன் நம் கை பட்ட இடங்களை முதலில் பார்ப்போம்.

– இரண்டாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு